குடிப்பதைக் கணினியிடம் சொல்வார்களா? எச்ஐவி சிகிச்சையும் சுருக்க ஆலோசனையும்

வைகைக்கரை | திங்கள், இரவு 9.40

வணக்கம். நான் எச்ஐவிக்கு மருந்து தரும் ஒரு ஏஆர்டி சென்டரில் கவுன்சிலர். எந்த ஊர் என்பது வேண்டாமே. மாத்திரை இலவசமாக வந்துவிடுகிறது, அதில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. தலைவலியே குடிதான். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறிப்போய் வரும் ஆண்களில் பலரிடம் குடிப் பழக்கம் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கேட்டால் "அதெல்லாம் விட்டாச்சு மேடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வெளியே வரிசை நிற்கும். நானும் சரி என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

அமெரிக்காவில் எச்ஐவி கிளினிக்குகளில் இதைக் கணினியை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நோயாளி திரைக்கு முன்னால் உட்காருவார். ஹெட்ஃபோனில் ஒரு குரல் கேட்கும்: எத்தனை நாள், எவ்வளவு, குடித்த நாளில் மாத்திரை போட்டீர்களா. முடிவில் அவர் சொன்னதையே படமாகக் காட்டி, குறைத்துக்கொள்ள விருப்பமா, எதிலிருந்து தொடங்கலாம் என்று அவரிடமே கேட்கும். 15, 20 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதற்குச் சுருக்க ஆலோசனை என்று பெயர்.

நம்ம ஆட்களிடம் இது எடுபடுமா? திட்டுவதானாலும் விவரத்தோடு திட்டுங்கள்.


அரட்டை அரசு | திங்கள், இரவு 9.52

பொண்டாட்டியிடமே உண்மை சொல்லாதவன் மிஷினிடம் சொல்வானா மேடம்?


பி மதிப்பு | திங்கள், இரவு 10.15

சொல்வான் அரசு அண்ணா. பொண்டாட்டியிடம் சொல்லாததால்தான் மிஷினிடம் சொல்வான்.

இது பழைய விஷயம். 1998இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்க இளைஞர்களிடம் உடலுறவு, போதை ஊசி போன்றவற்றைக் காகிதத்தில் கேட்டபோது வந்த பதிலையும், அதே கேள்விகளை ஹெட்ஃபோன் மாட்டிக் கணினி கேட்டபோது வந்த பதிலையும் ஒப்பிட்டார்கள். கணினியிடம் ஒப்புக்கொண்டவர்கள் கூடுதல். சில கேள்விகளில் வித்தியாசம் பல மடங்கு. திரை புருவத்தை உயர்த்தாது, "ச்ச்" கொட்டாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் காதில் கேட்டுப் படத்தைத் தொட்டால் போதும்.

ஆனால் இதனால் முழு உண்மையும் வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. உகாண்டாவின் ம்பராராவில் எச்ஐவி நோயாளிகளிடம் பெத் என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். பாஸ்படிடைல் எத்தனால் என்ற பொருள், குடித்து இரண்டு மூன்று வாரம் ஆனாலும் ரத்தத்தில் தெரியும். "குடிப்பதே இல்லை" என்றவர்களில் கணிசமானவர்களுக்கு அது இருந்தது. கணினி கூச்சத்தைக் குறைக்கும். "சொன்னால் நமக்கு என்ன ஆகும்" என்ற பயத்தை அது தானாகப் போக்காது.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட்டில் பிரசவம் முடிந்த பெண்களின் போதைப் பழக்கத்துக்காக 2000களில் இப்படி ஒரு கணினி ஆலோசனை செய்தார்கள். அதில் பேசி வழிநடத்தியது பீடி என்ற கார்ட்டூன் கிளி. மைக்ரோசாஃப்ட் விட்டிருந்த பொம்மைப் பாத்திரம் அது.


அரட்டை அரசு | திங்கள், இரவு 10.21

கிளி ஜோசியம் மாதிரியா! நம்ம ஊரில் அப்போ உடனே எடுபடும். சீட்டை எடுத்து "உனக்குக் கல்லீரல் ஸ்தானத்தில் கண்டம்" என்று சொல்லிவிடும்.


ராத்திரி டூட்டி | செவ்வாய், காலை 6.30

டூட்டி முடிந்து வந்து படிக்கிறேன். சிரிப்பெல்லாம் சரி, ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டு மேலே போகலாம். யாருக்கு இந்தச் சுருக்க ஆலோசனை?

உலக சுகாதார நிறுவனம் 1980களில் தயாரித்த ஆடிட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 10 கேள்வி, 40 மதிப்பெண். 8ஐத் தொட்டாலே அபாயக் குடி. அதாவது ஆள் வேலைக்குப் போவார், வருவார், கை நடுங்காது, ஆனால் அந்த அளவு அவருக்குக் கெடுதல் செய்யத் தொடங்கியிருக்கும் அல்லது சீக்கிரம் செய்யும். சுருக்க ஆலோசனை முக்கியமாக இவருக்குத்தான். 20ஐத் தொட்டவருக்குக் கணினி முன் 20 நிமிடம் என்பது போதாது. அவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தினமும் காலையிலேயே ஊற்றிக்கொள்கிறவர் ஒரு திரையைப் பார்த்து ரோஷப்பட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். ராத்திரி வார்டில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். எந்தக் கருவி செய்தாலும் அந்த ஆளைக் கண்டுபிடித்து "நீங்களாக நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று அது சொல்ல வேண்டும்.


கோடு போடுபவன் | செவ்வாய், காலை 11.05

நான் மென்பொருள் ஆள், மருத்துவம் தெரியாது. அந்த ஆடிட் தாளை இறக்கிப் பார்த்தேன். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க்?" நம்ம ஊரில் எவன் டிரிங்க் கணக்கில் குடிக்கிறான்? கட்டிங், குவார்ட்டர், ஆஃப். அல்லது ஒரு பீர்.

கணக்குப் போட்டேன். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தி, விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம். அப்படியென்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் 61 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் ஒரு டிரிங்க் 10 கிராம். அந்தக் கணக்கில் ஒரு குவார்ட்டர் 6 டிரிங்க். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் 14 கிராம், அப்படிப் பார்த்தாலும் 4ஐத் தாண்டுகிறது. 650 மில்லி பீர், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம். அதுவே 4 டிரிங்க்.

"ஒரு குவார்ட்டர்தான் சார்" என்று அடக்கமாகச் சொல்கிறவர் காகிதத்தில் "1" என்று எழுதிவிட்டுப் போனால் மதிப்பெண் மொத்தமும் பொய். ஆகவே எண் கேட்கவே கூடாது. பாட்டில் படங்களை வரிசையாகப் போட்டு, எதை, எவ்வளவு, எத்தனை பேர் பங்கு என்று தொடச் சொல்ல வேண்டும். பெருக்கலைக் கணினி பார்த்துக்கொள்ளும். கணினியால் உறுதியாக நடக்கும் ஒரு நன்மை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.


வைகைக்கரை | செவ்வாய், பகல் 1.20

தம்பி, இதற்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண் போகவில்லை. எங்கள் படிவத்தில் "மது: ஆம் / இல்லை" என்று இரண்டே கட்டம்.


அரட்டை அரசு | செவ்வாய், பகல் 1.45

சீரியஸாகவே கேட்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை சாப்பிடுகிறவனுக்கு என்ன ஆகிவிடும்? எச்ஐவி இருந்தால் மட்டும் தனிக் கணக்கா?


ராத்திரி டூட்டி | செவ்வாய், மாலை 5.10

ஆமாம், தனிக் கணக்குதான். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரை வைத்து நீண்ட காலமாக ஓர் ஆய்வு நடக்கிறது. அதிலிருந்து 2016இல் வந்த முடிவு இது: எச்ஐவி இல்லாத ஆண்களுக்கு மாதம் 70 டிரிங்க் அளவில் சாவு அபாயம் ஏறியது. எச்ஐவி உள்ளவர்களுக்கு 30லேயே ஏறியது. வைரல் லோடு அடங்காதவர்களுக்குக் கொஞ்சம் குடித்தாலே போதை ஏறுகிறது என்பதையும் அதே குழு காட்டியது.

இப்போது நம்ம கோடு தம்பியின் கணக்கோடு சேருங்கள். அமெரிக்க டிரிங்க் கணக்கில் ஒரு குவார்ட்டர் 4.3. வாரம் 2 குவார்ட்டர் என்றால் மாதம் 37. "நான் ஒண்ணும் குடிகாரன் இல்லை, சனி ஞாயிறு மட்டும்தான்" என்பவர் அந்த 30ஐத் தாண்டிவிடுகிறார். இதைத் திரையில் அவர் கையால் தொட்ட பாட்டில்களை வைத்தே காட்டினால் நான் சொல்வதை விட நன்றாக உறைக்கும்.


நேர்வழி | செவ்வாய், இரவு 8.02

அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்கிறது. குடிக்கிறவனுக்கு மருந்தை நிறுத்தினால் தானாகத் திருந்துவான். கம்ப்யூட்டர் எதற்கு, கிளி எதற்கு?


மாத்திரை ஒன்பது மணி | செவ்வாய், இரவு 9.30

நேர்வழி ஐயா, உங்களுக்குப் பதில் சொல்லத்தான் இங்கே கணக்குத் தொடங்கினேன். நான் மருந்து சாப்பிடுகிற ஆள்.

நீங்கள் சொன்னதை எனக்கு ஒரு டாக்டர் நேரிலேயே சொல்லியிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்பது இருக்கட்டும். "குடிக்கிறதா இருந்தா எதுக்கு மருந்து வாங்க வர்றே?" பத்துப் பேர் முன்னால். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் "விட்டாச்சு". திருந்தவில்லை, பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். வைகைக்கரை அக்காவிடம் வருகிறவர்கள் பலருக்கும் எங்கேயோ இப்படி ஒன்று நடந்திருக்கும்.

இன்னொன்று. எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. சரக்கு உள்ளே இருக்கும்போது மாத்திரை போட்டால் இரண்டும் சேர்ந்து விஷமாகிவிடும், கிட்னி போய்விடும் என்று. அதனால் சனிக்கிழமை குடித்தால் அன்று மாத்திரை இல்லை. சிலர் ஞாயிறும் விட்டுவிடுவார்கள், "உடம்பு தெளியட்டும்" என்று. இதை மறதி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துத்தான் நிறுத்துகிறோம். எந்தக் கவுன்சிலரும் என்னிடம் "குடித்த அன்று மாத்திரையை என்ன செய்வீர்கள்" என்று கேட்டதில்லை. "ஒழுங்காகப் போடுகிறீர்களா" என்று மட்டும் கேட்பார்கள். ஆமாம் என்போம். நாங்கள் ஒழுங்காகத்தான் நிறுத்துகிறோம்!

உங்கள் கணினி அந்தக் கேள்வியைக் கேட்குமா?


பி மதிப்பு | செவ்வாய், இரவு 10.10

ஒன்பது மணி அண்ணா, நீங்கள் சொன்னது உங்கள் ஊர்ப் பேச்சு மட்டுமில்லை. அட்லாண்டாவில் கலிச்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதைத்தான் பல வருடமாகத் துருவியிருக்கிறார்கள். குடிக்கும் நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், குடிக்கும்போது மாத்திரையைத் தெரிந்தே தவிர்ப்பதாகச் சொன்னார்கள். காரணமும் அதே, கலந்தால் விஷம் என்ற நம்பிக்கை.


ராத்திரி டூட்டி | புதன், காலை 7.00

ஐயா, அந்த டாக்டர் சொன்னதற்கு ஒரு நர்ஸாக நான் வெட்கப்படுகிறேன்.

இப்போது பெரும்பாலானவர்கள் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. மது உள்ளே இருக்கும்போது அதைப் போட்டால் விஷமாகாது. குடித்திருந்தாலும் மாத்திரையை விடாதீர்கள். விடுவதுதான் வைரஸுக்கு இடம் கொடுக்கும். வாந்தி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் உங்கள் சென்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டிபி தடுப்புக்கு ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களும், மஞ்சள் காமாலைக் கிருமி பி அல்லது சி இருப்பவர்களும் மதுவைத் தொடாமல் இருப்பதே நல்லது. அங்கே கல்லீரல் உண்மையாகவே அடி வாங்கும். எல்லா மாத்திரைக்கும் ஒரே பதில் கிடையாது. கணினியிலும் "எந்த மாத்திரை" என்று ஒரு கேள்வி வேண்டும்.

வீட்டில் யாருக்காவது இப்போதே உதவி வேண்டுமென்றால் மது, போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416, எச்ஐவி சந்தேகங்களுக்கு 1097.


நேர்வழி | புதன், காலை 9.15

தவிர்ப்பது மருந்துக்குப் பயந்து என்று எனக்குத் தெரியாது. சரி, பேசுங்கள், கேட்கிறேன்.


வைகைக்கரை | புதன், பகல் 12.30

ஒன்பது மணி அண்ணா, நன்றி. அந்தக் கேள்வியை நான் இன்று காலை நான்கைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொன்னது சரி.

பி மதிப்பு சார், இதெல்லாம் சோதித்துப் பார்த்ததில் உண்மையாகவே குடி குறைந்ததா? மேலே அனுப்பினால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.


பி மதிப்பு | புதன், இரவு 9.00

குறைந்தது, ஆனால் விளம்பரத்தில் வருகிற அளவுக்கு இல்லை. மூன்று சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது நியூயார்க். டெபோரா ஹாசின் குழு, 2013இல் வெளியானது, 258 எச்ஐவி நோயாளிகள். ஒரு பிரிவுக்கு மதுவைப் பற்றிய பொதுத் தகவல் மட்டும். இன்னொரு பிரிவுக்கு ஒரு கவுன்சிலர் நேரில் மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் முறையில் பேசினார். அதாவது உபதேசம் செய்யாமல், ஏன் குறைக்க வேண்டும் என்பதை நோயாளி வாயாலேயே வரவைக்கும் பேச்சு. மூன்றாம் பிரிவுக்கு அந்தப் பேச்சோடு ஹெல்த்கால். தினமும் தானியங்கித் தொலைபேசிக்குக் கூப்பிட்டு நேற்று எவ்வளவு குடித்தேன் என்று பட்டனை அழுத்த வேண்டும், ஓரிரு நிமிட வேலை. பிறகு கவுன்சிலர் அந்த எண்களை வரைபடமாக முன்னால் வைப்பார். குடிக்கு அடிமையாகிவிட்டவர்களுக்குப் பேச்சை விடப் பேச்சும் போனும் சேர்ந்தது நன்றாக வேலை செய்தது. அடிமையாகாதவர்களுக்குப் போன் கூடுதலாக ஒன்றும் செய்துவிடவில்லை. பிற்பாடு அதையே ஸ்மார்ட்போன் செயலியாக மாற்றினார்கள்.

இரண்டாவது சான் பிரான்சிஸ்கோ, கைசர் பெர்மனென்டி என்ற மருத்துவ நிறுவனம், 2019, 614 பேர். ஒரு பிரிவுக்கு நேரிலும் போனிலும் மோட்டிவேஷனல் பேச்சு. ஒரு பிரிவுக்கு அவரவர் பதிலை வைத்து மின்னஞ்சலில் அறிக்கை. மூன்றாவதுக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவிலும் குடி குறைந்திருந்தது, பிரிவுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை! ஆனால் தொடக்கத்தில் "குறைப்பது எனக்கு முக்கியமில்லை" என்று சொன்னவர்களிடம் பேச்சுக்குப் பலன் தெரிந்தது. மின்னஞ்சல் தனியாகப் போய் ஆளை மாற்றவில்லை என்று இதை நான் படிக்கிறேன். வழக்கமான சிகிச்சையிலும் குறைந்தது ஏன்? யாரோ ஒருவர் உட்கார்ந்து விவரமாகக் கேட்டதே கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்துச் சேர்ந்தவர்கள் பிறகு தாங்களாக இறங்கியும் இருக்கலாம். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் "எங்கள் செயலியால் குறைந்தது" என்று வருகிற எந்தக் கதையையும் நம்பாததற்கு இதுவே போதும்.

மூன்றாவதில் கணினி இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். வியட்நாமின் தாய் நுயென் மாகாணம், 2020, 440 பேர், 7 கிளினிக். நேரில் 6 அமர்வு கொண்ட நீண்ட ஆலோசனையையும், நேரில் 2, போனில் 2 என்ற சுருக்க ஆலோசனையையும் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். நீண்டதும் சுருக்கமும் குடிக்காத நாட்களை ஏறக்குறைய ஒரே அளவு கூட்டின. சுருக்க ஆலோசனைப் பிரிவில் வைரல் லோடும் நன்றாக அடங்கியது. நம்மைப் போல வரிசை நிற்கும் அரசு கிளினிக்குகளுக்கு எனக்கு இதுதான் பெரிய செய்தி.

என் தீர்ப்பு: கணினியை வைத்துக் கேளுங்கள், கணினியை வைத்து நினைவூட்டுங்கள். நடுவில் ஓர் ஆள் பேச வேண்டும். ஆளை எடுத்துவிட்டுக் கணினியை வைக்கலாம் என்று யாராவது பட்ஜெட் போட்டால் எதிர்த்துச் சண்டை போடுங்கள்.


கோடு போடுபவன் | வியாழன், காலை 10.40

தினமும் நினைவூட்டுவது சுலபம், ஒரு செயலி போதும். பல மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்தனுப்பும் இந்தக் காலத்தில் ஆள் சென்டருக்கு வருவதே அபூர்வம், ஆகவே போன் தேவைதான். எழுதித் தரட்டுமா?


மாத்திரை ஒன்பது மணி | வியாழன், பகல் 2.15

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். என் போனை என் பையன்தான் பாதி நேரம் வைத்திருப்பான். ராத்திரி எட்டு மணிக்கு "நேற்று எத்தனை கட்டிங்? மாத்திரை போட்டீர்களா?" என்று திரையில் விழுந்தால் வீட்டில் என்ன நடக்கும்? ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கு என்ன நடக்கும்? 2017 எச்ஐவி சட்டம் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது, நல்லது. சட்டம் போனின் திரையைப் பூட்டாது.

செயலியின் பெயரில் சிவப்பு ரிப்பனோ மாத்திரைப் படமோ வேண்டாம். செய்தி என்று எதுவும் தானாக வரக் கூடாது. நியூயார்க்கில் செய்த மாதிரி நாங்கள் கூப்பிட்டால் அது பேசட்டும். வேண்டாமென்றால் சென்டரில் இருக்கும் டேப்லெட்டோடு முடியட்டும். அதை வைக்கும் இடமும் முக்கியம். வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒருவனும் உண்மையைத் தொட மாட்டான்.

எல்லாவற்றுக்கும் மேலே, நான் தொட்ட பதில் யாருக்குப் போகும் என்பதை முதல் திரையிலேயே குரலில் சொல்லுங்கள். டாக்டர் பார்ப்பார் என்றால் அதையும் சொல்லுங்கள். கேட்டுவிட்டு நான் முடிவு செய்துகொள்கிறேன். "இதனால் உங்கள் மருந்து நிற்காது" என்ற ஒரு வரி இருந்தால் பாதிப் பேர் உண்மை சொல்வார்கள்.


கோடு போடுபவன் | வியாழன், பகல் 3.00

புரிந்தது அண்ணா. கேள்வியெல்லாம் டேப்லெட்டிலேயே இருக்கும், பெயர் கேட்காது. முடிவில் "இதைக் கவுன்சிலரிடம் காட்டட்டுமா?" என்று ஒரு பட்டன். அழுத்தாவிட்டால் அழிந்துவிடும்.


ராத்திரி டூட்டி | வியாழன், மாலை 6.20

அழிப்பது சரி, ஆனால் காலையில் குடிக்கிறேன், நிறுத்தினால் கை நடுங்குகிறது என்று தொட்டவருக்கு மட்டும் அழிப்பதற்கு முன் குரல் எச்சரிக்கை வரட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம், சொல்லிவிட வேண்டும்.


வைகைக்கரை | வியாழன், இரவு 9.10

இரண்டையும் எழுதிக்கொண்டேன். முதல் கேள்வியாக "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்று வைத்திருக்கிறேன். ரெக்கார்டிங் மதுரைத் தமிழில், ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும், யார் வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம்.


மாத்திரை ஒன்பது மணி | வியாழன், இரவு 9.25

அக்கா, எடுத்தவுடன் அது வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வரும். முதலில் மாத்திரையிலிருந்து தொடங்குங்கள். "எந்த மாதிரி நாட்களில் மாத்திரை போட முடியாமல் போகிறது?" என்று கேட்டு, வெளியூர், வேலை, காய்ச்சல், விசேஷம், குடித்த நாள் என்று படம் வையுங்கள். அதில் பாட்டிலை நானே தொடுவேன்.


வைகைக்கரை | வியாழன், இரவு 9.31

சரி அண்ணா, மாற்றிவிடுகிறேன். தம்பி, பாட்டில் படங்களோடு 90 மில்லி கிளாஸ் படமும் பிளாஸ்டிக் டம்ளரும் சேர்த்து அனுப்புங்கள்.